அத்தியாயம் 6: திறப்புக்கும் அடைப்புக்கும் நடுவே

விடிந்ததும் தலை எண்ணுவார்கள். கணக்குச் சரியாக வந்தால் பூட்டுகள் திறக்கும். பொழுது சாய்வதற்குள் மறுபடி தலை எண்ணி, கணக்கு முடித்து, பூட்டிவிடுவார்கள். இடையில் கிடக்கும் பகல் முழுவதும் சிறைவாசி எங்கே இருக்கிறார், யாரோடு பேசுகிறார், என்ன செய்கிறார் என்பதைச் சட்டம் ஓரளவு தெளிவாகவே சொல்லி வைத்திருக்கிறது. மனு பார்க்க, அதாவது சிறையில் நேரில் சந்திக்க, போகும் வீட்டார் ‘சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, வாய்தா என்னைக்கு’ என்று கேட்டு முடிப்பதற்குள் நேரம் ஆகிவிடும். ‘பகல் எப்படிப் போகுது’ என்று கேட்பவர்கள் குறைவு. அதைக் கேட்க வேண்டிய காரணத்தையும், பதில் சரியில்லை என்றால் எங்கே போவது என்பதையும் இந்த அத்தியாயம் சொல்கிறது.

முதலில், எந்தச் சிறை?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் ஒருவர் ரிமாண்ட் ஆனால் அநேகமாக மூன்று பெயர்களில் ஒன்று காதில் விழும்: கோவில்பட்டி கிளைச் சிறை, பேரூரணி மாவட்டச் சிறை, பாளையங்கோட்டை மத்திய சிறை. பெண்கள் என்றால் திருநெல்வேலி கொக்கிரகுளம்.

கிளைச் சிறை சிறியது. வழக்கு நடந்துகொண்டிருப்பவர்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம். வீட்டுக்குப் பக்கம் என்பதால் தீப்பெட்டி ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக்கூட வந்து பார்த்துவிடலாம். ஆனால் உள்ளே தொழிற்கூடம் கிடையாது. பூட்டு திறந்தாலும் முற்றத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிரப் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. மத்திய சிறையில் வேலை, வகுப்பு, நூலகம் எல்லாம் உண்டு. ஆனால் கோவில்பட்டியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். பக்கத்தில் இருப்பதா, பகல் உருப்படியாகக் கழிவதா என்ற இழுபறி இந்த வட்டாரக் குடும்பங்களுக்கு எப்போதும் உண்டு. ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கேட்டு மனுக் கொடுக்கும் முன்பு இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

சிறை எதுவானாலும் முதல் நாளில் நடக்க வேண்டிய ஒரு காரியம் உண்டு. உள்ளே வந்த சிறைவாசியை முடிந்த அளவு சீக்கிரம் மருத்துவப் பரிசோதனை செய்து, உடல்நிலை, காயம், தழும்பு எல்லாவற்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்கிறது 1894ஆம் ஆண்டு சிறைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவு. கடுங்காவல் தண்டனை பெற்றவர் என்றால், எந்த வகை வேலைக்குத் தகுதியானவர் என்பதும் அதே ஏட்டில் ஏற வேண்டும்.

இந்தப் பரிசோதனையின் முக்கியத்துவத்தைக் கோவில்பட்டிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் கைது செய்யப்பட்ட வியாபாரி ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு மறுநாள் கொண்டுவரப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு பென்னிக்ஸும், 23 காலை ஜெயராஜும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. சிபிஐ விசாரித்து, காவல் நிலையத்தில் இருவரையும் அடித்துக் கொன்றதாகக் காவல்துறையினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. காவல் நிலையத்தில் பட்ட அடி சிறை வாசலில் ஏட்டில் ஏறுகிறதா என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த நான்கு நாட்கள் ஊருக்கே காட்டின.

நான்கு வகைச் சிறைவாசிகள், நான்கு வகைப் பகல்

எல்லோருக்கும் ஒரே உரிமை என்று நினைத்துக்கொண்டு மனு எழுதினால் சிறை அலுவலகம் எளிதாகத் திருப்பி அனுப்பிவிடும். தம்மவர் எந்த வகையில் வருகிறார் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

விசாரணைச் சிறைவாசி. தீர்ப்பு வராதவர். இவரை வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. சொந்த உடை உடுத்தலாம்; விதிகளுக்கு உட்பட்டு வெளியிலிருந்து உணவு, துணி, படுக்கை பெறலாம் (சிறைகள் சட்டம், பிரிவு 31). தண்டனை பெற்றவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது (பிரிவு 27). ஐ.நா. சபை 2015 டிசம்பரில் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் இன்னொரு படி மேலே போகின்றன: விசாரணைச் சிறைவாசிக்கு வேலை வாய்ப்பைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், விரும்பிச் செய்தால் கூலி தர வேண்டும்.

வெறுங்காவல் தண்டனை பெற்றவர். வேலை கட்டாயமில்லை. ஆனால் அவர் விரும்பினால், விரும்பும் காலம் வரை வேலை தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 36ஆம் பிரிவு சொல்கிறது.

கடுங்காவல் தண்டனை பெற்றவர். வேலை செய்தாக வேண்டும். அவசர நேரம் தவிர ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது (பிரிவு 35).

சிறைக்குள் தண்டிக்கப்பட்டவர். சண்டை, செல்போன், கட்டளை மீறல் போன்ற சிறைக் குற்றங்களுக்காகத் தனியே வைக்கப்பட்டவர். அதிகம் ஏமாற்றப்படுவதும் அதிகம் பயப்படுவதும் இந்த வகையினரின் குடும்பங்களே. அதைத் தனியாகப் பார்ப்போம்.

குறைந்தது ஒரு மணி நேரம்

வெளியில் வேலை இல்லாத ஒவ்வொரு சிறைவாசிக்கும், வானிலை இடம் கொடுத்தால், தினமும் குறைந்தது ஒரு மணி நேரம் திறந்தவெளியில் உடற்பயிற்சி: இது மண்டேலா விதிகளில் 23ஆவது. இந்த அளவு நம் சட்டத்துக்கும் புதிதல்ல. தண்டனையாகப் பிரித்து வைக்கப்பட்டவருக்கும்கூட நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத உடற்பயிற்சியும், ஒருவரோ பலரோ உடன் இருக்கச் சாப்பிடும் உரிமையும் உண்டு என்று 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46ஆம் பிரிவு எழுதியிருக்கிறது. குற்றம் செய்து பிரிக்கப்பட்டவருக்கே ஒரு மணி நேரம் என்றால், எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாத ரிமாண்ட் ஆளுக்கு அதற்கும் குறைவாகக் கொடுப்பதை எப்படி நியாயப்படுத்த முடியும்? மனுவில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கரிசல் பூமியில் இந்த ஒரு மணி நேரம் எப்போது என்பதும் சேர்ந்துகொள்கிறது. சித்திரை வைகாசியில் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு நிழல் இல்லாத முற்றத்தில் விட்டுவிட்டு ‘வெளியே விட்டாச்சு’ என்று ஏட்டில் குறித்தால் கணக்கு நேராகும். ஆள் சுருண்டு விழுவார். காலையிலோ மாலையிலோ நேரம் ஒதுக்கும்படியும், முற்றத்தில் குடிநீர் வைக்கும்படியும் கேட்டு எழுதலாம். வேண்டும்போதெல்லாம் குடிநீர் கிடைக்க வேண்டும் என்பதும் மண்டேலா விதிகளில் இருக்கிறது. இந்த விதிகளை மீறியதற்காக யாரையும் நேரடியாகத் தண்டிக்க முடியாது. ஆனால் இந்திய நீதிமன்றங்கள் இவற்றைத் தீர்ப்புகளில் எடுத்துக்காட்டி வருவதால், மனுவில் விதி எண்ணோடு குறிப்பிடுவது வீண்போகாது.

வேலை: செக்கிலிருந்து பெட்ரோல் பங்க் வரை

ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர் சிறையில் முதலில் சணல் எந்திரத்தில் வேலை கொடுத்தார்கள். கையின் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பிறகு செக்கிழுக்கவிட்டார்கள். அங்கிருந்து கண்ணூர் சிறைக்கு மாற்றப்பட்டு 1912 டிசம்பரில் விடுதலையானார். அவர் செக்கிழுத்த காலத்தில் நடைமுறையில் இருந்த சிறைகள் சட்டம் 1894ஆம் ஆண்டினுடையது. இன்றைக்கும் தமிழகச் சிறைகளுக்கு அடிப்படை அதே சட்டம்தான். அதன் கீழ்தான் தமிழ்நாடு சிறை விதிகள், 1983 இயங்குகின்றன.

அந்தப் பழைய சட்டத்திலேயே, அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு பாதுகாப்பு கிடக்கிறது. வேலை செய்யும் சிறைவாசியின் எடையைக் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்து அவருடைய ஹிஸ்டரி டிக்கெட் எனப்படும் பதிவுச் சீட்டில் பதிய வேண்டும். அந்த வேலையால் உடல் கெடுகிறது என்று மருத்துவ அலுவலர் கருதினால், அதிலிருந்து எடுத்து வேறு வேலையில் விட வேண்டும். ஆகவே மனு பார்க்கும்போது ‘மெலிஞ்சிட்டியே’ என்று வருந்துவதோடு நிறுத்தாமல், ‘எடை பார்த்தாங்களா, என்னைக்குப் பார்த்தாங்க’ என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கூலி விஷயத்தில் திருப்புமுனை 1998. கடுங்காவல் கைதியானாலும் செய்த வேலைக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும் என்று குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது; அதில் ஒரு பங்கைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கவும் வழி காட்டியது. தமிழகத்தில் பராமரிப்புச் செலவுக்கும் பாதிக்கப்பட்டோர் நிதிக்கும் பிடித்தம் போக மீதி சிறைவாசியின் கணக்கில் ஏறும். எவ்வளவு கூலி, எவ்வளவு பிடித்தம், எவ்வளவு மிச்சம் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

வேலைகளும் மாறிவிட்டன. நெசவும் தையலும் அடுமனையும் இருந்த இடத்தில் ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க்குகள் சேர்ந்திருக்கின்றன. பாளையங்கோட்டையிலும் ஒன்று இயங்குகிறது. நன்னடத்தையுள்ள தண்டனைச் சிறைவாசிகள் அங்கே வண்டிகளுக்கு எண்ணெய் போடுகிறார்கள். சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பில் உள்ள திறந்தவெளிச் சிறையில் விவசாயமே வேலை. கரிசலில் பருத்தியும் கம்பும் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அது பழகிய காரியம். திறந்தவெளிச் சிறைக்கு யாரை அனுப்புவது என்பதைச் சிறைத்துறையே முடிவு செய்கிறது. ஆனால் தகுதி உண்டு என்று நினைக்கும் சிறைவாசி, கண்காணிப்பாளரிடம் எழுதிக் கேட்கத் தடை ஏதும் இல்லை.

எந்த பிளாக்? எந்த வேலை? சாதி பார்க்கலாமா?

தென் மாவட்டங்களில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதி வாரியாகச் சிறைவாசிகளைத் தனித்தனிப் பிரிவுகளில் வைக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. மோதலைத் தவிர்க்கத்தான் இப்படி என்ற அரசின் விளக்கத்தை 2014இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்றுக்கொண்டது. அந்த அச்சத்தைக் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. 2021 ஏப்ரலில் அதே சிறைக்குள் ஒரு விசாரணைச் சிறைவாசி சக சிறைவாசிகளால் அடித்துக் கொல்லப்பட்டார்.

ஆனால் 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதையை மாற்றியது. சாதி பார்த்து வேலை ஒதுக்குவதும், சாதி பார்த்துப் பிரித்து வைப்பதும் அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானவை என்றது. சிறைப் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. மதுரைக் கிளை ஏற்ற வாதத்தையும் அது ஒப்பவில்லை. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்குச் சாதிப் பிரிவினை வழியாகாது என்பது அதன் நிலை.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? கழிவறை கழுவும் வேலை ஒரு சாதிக்காரருக்கே திரும்பத் திரும்ப வந்தால், சமையற்கட்டு இன்னொரு சாதிக்கு மட்டும் என்று இருந்தால், தேதியோடு குறித்துப் புகார் செய்யலாம். உயிருக்கு ஆபத்து என்று ஒரு சிறைவாசி பயந்தால் அதையும் எழுத வேண்டும்: யாரால், எதனால் ஆபத்து என்று தனியாளின் பாதுகாப்பாகக் கேட்டால் அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு.

தனி செல்: எத்தனை நாள், யார் உத்தரவு?

‘அவனைத் தனி செல்லில் போட்டுட்டாங்க’ என்று செய்தி வந்தால் வீட்டார் கேட்க வேண்டிய முதல் கேள்வி: யார் போட்டது?

நீதிமன்றம் தண்டனையின் பகுதியாகத் தனிமைச் சிறை விதித்திருந்தால் அதற்கு எல்லை உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 11, 12ஆம் பிரிவுகளின்படி மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரே தொடர்ச்சியாகப் பதினான்கு நாளைத் தாண்டக் கூடாது. அடுத்த முறைக்கு முன் அதே அளவு இடைவெளி வேண்டும். தண்டனைக் காலம் மூன்று மாதத்துக்கு மேல் என்றால் எந்த மாதத்திலும் ஏழு நாளுக்கு மேல் கூடாது.

சிறை அதிகாரி போட்டிருந்தால் கதை வேறு. டெல்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, தன்னைத் தனிமையில் வைத்திருப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். மேல்முறையீடும் கருணை மனுவும் முடியாதவரை ஒருவரை ‘மரண தண்டனையின் கீழ் உள்ளவர்’ என்று சொல்லித் தனிமையில் அடைக்க முடியாது என்று 1978இல் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு, சக கைதி ஒருவரை வார்டர் சித்திரவதை செய்ததைப் பத்ரா ஒரு நீதிபதிக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதமே வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர். தனி செல், வேறு தண்டனை, சலுகை மறுப்பு, தண்டனை போல் அமையும் இடமாற்றம் ஆகிய எதையும் அமர்வு நீதிபதியின் பரிசீலனை இல்லாமல் செய்யக் கூடாது. அவசரமென்று முன்கூட்டித் தெரிவிக்க முடியாமல் போனால் இரண்டு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

அந்த இரண்டு நாள்தான் வீட்டார் கையில் உள்ள பிடி. கோவில்பட்டி, பேரூரணி என்றால் தூத்துக்குடி மாவட்ட அமர்வு நீதிபதி. பாளையங்கோட்டை என்றால் திருநெல்வேலி. அங்கே தகவல் போனதா என்று வழக்கறிஞர் மூலம் விசாரித்தால், போகாதிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் செல்லில் அடைக்கப்பட்டவரை மருத்துவ அலுவலரோ அவருடைய உதவியாளரோ தினமும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் (சிறைகள் சட்டம், பிரிவு 29). பெயரில் ஏமாறவும் கூடாது. ‘தண்டனை இல்லை, பாதுகாப்புக்காக’ என்று சொன்னாலும், நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ உருப்படியான மனிதத் தொடர்பு இல்லாமல் அடைத்து வைத்தால் அது தனிமைச் சிறை என்று மண்டேலா விதிகள் வரையறுக்கின்றன. தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் அடியோடு தடை.

படிப்பும் புத்தகமும்

வேலை இல்லாத கிளைச் சிறையில் பகலைக் கழிக்கச் சுலபமாகக் கிடைக்கக்கூடியது புத்தகம். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் அரங்கு அமைத்துச் சிறை நூலகங்களுக்காக மக்களிடமிருந்து நூல்கள் வாங்கியது. கிளைச் சிறைக்கும் சில பெட்டி வந்து சேருமா என்று ஊர் நூலக வாசகர் வட்டங்களோ கல்லூரிகளோ சிறை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். குடும்பத்தார் தனியாக நூல் கொண்டு போனால் சோதனைக்குப் பிறகே உள்ளே போகும். உள்ளே எதையும் சொருகாத, பழைய பேப்பர் அட்டை போடாத நூலாக இருப்பது நல்லது.

தண்டனைச் சிறைவாசிகள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ எழுதலாம். திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்புகளும் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முப்பது ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்து 2022 மே 18 அன்று விடுதலையான பேரறிவாளன் உள்ளிருந்தபடியே பிளஸ் டூ தேர்வில் 1,200க்கு 1,096 வாங்கினார். அதே வழக்கில் இருந்த நளினி எம்.சி.ஏ. முடித்தார்.

மனு பார்க்கும்போது கேட்டுக் குறிக்க வேண்டியவை

1. காலையில் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், மாலையில் எத்தனை மணிக்கு அடைக்கிறார்கள்?
2. இடையில் மறுபடி அடைக்கிறார்களா? எவ்வளவு நேரம்?
3. யாரோடு இருக்கிறார்? தனியாக என்றால் எந்தத் தேதியிலிருந்து, என்ன காரணம் சொன்னார்கள்?
4. என்ன வேலை? அதை யார் ஒதுக்கியது?
5. கடைசியாக மருத்துவர் பார்த்த தேதி, எடை பார்த்த தேதி?

வீடு திரும்பியதும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பிறகு கொடுக்கப்போகும் எல்லா மனுவுக்கும் அந்த நோட்டுதான் ஆதாரம்.

மாதிரி மனு

*பெறுநர்:* கண்காணிப்பாளர் அவர்கள், .......... சிறை.
*நகல்:* மாவட்ட அமர்வு நீதிபதி அவர்கள். செயலாளர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு.
*பொருள்:* சிறைவாசி எண் .......... தினசரி திறந்தவெளி நேரம் கோருதல்.

*ஐயா/அம்மா,*
*மேற்படி சிறைவாசியின் தாய்/மனைவி/சகோதரன் ஆகிய நான் .......... தேதியில் அவரைச் சந்தித்தேன். .......... தேதியிலிருந்து நாள்தோறும் .......... மணி நேரம் மட்டுமே வெளியே விடப்படுவதாகத் தெரிவித்தார். எந்த உத்தரவின் பேரில், எத்தனை நாளுக்கு இப்படி வைக்கப்பட்டுள்ளார் என்பதையும், இது அமர்வு நீதிபதி அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டதா என்பதையும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், காலையிலோ மாலையிலோ, திறந்தவெளியில் இருக்கவும், மருத்துவ அலுவலர் அவரைப் பரிசோதிக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.*

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்க வேண்டும். இல்லையென்றால் பதிவுத் தபால். கோபமான சொற்கள் வேண்டாம். உள்ளே இருப்பவர் அதே அதிகாரிகளோடுதான் மறுநாளும் இருக்கப் போகிறார்.

பதில் வராவிட்டால்

ரிமாண்ட் நீட்டிப்புக்காகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது சிறைவாசி நடுவர் முன் நேரிலோ காணொளியிலோ நிறுத்தப்படுவார். அங்கே வாய் திறந்து சொல்லலாம். சொன்னதைப் பதிவு செய்யும்படி வழக்கறிஞர் கேட்க வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. இலவசத் தொலைபேசி எண் 15100.

சிறையின் தினசரி நேர அட்டவணை, உடற்பயிற்சி நேரம் பற்றி விவரம் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். சாதாரணமாகப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. ஒருவரின் உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிட வேண்டும்.

தனி செல் அடைப்பு தொடர்ந்தால், மருத்துவம் மறுக்கப்பட்டால், மதுரைக் கிளையில் ரிட் மனுப் போடுவது அடுத்த படி. அதற்கு வழக்கறிஞர் முதலில் கேட்பது மூன்று தாள்கள்: ரிமாண்ட் உத்தரவின் நகல், சிறைக்குக் கொடுத்த மனுவின் முத்திரையிட்ட நகல், தேதிவாரியாக எழுதிய அந்த நோட்டு. மூன்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு மதுரைக்கு வண்டி ஏறலாம்.